இரண்டு அளவுத் தண்டவாளம் சேரும் இடத்தில் தகராறா? அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் முறை

பிரதான பாதைக்கு கோட் 100, பக்கப் பாதைக்கு கோட் 83, சரக்கு முற்றத்துக்கு கோட் 70 என்று தண்டவாளம் போட்ட மாடல் ரயில் தளம் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். நிஜ ரயில்பாதையிலும் கனமான வண்டி ஓடாத பாதையில் லேசான தண்டவாளம்தான் கிடக்கிறது. ஆனால் பழுது என்று வந்தால் அது பெரும்பாலும் அளவு மாறும் அந்த ஒரு அங்குலத்தில்தான் வரும்.

கோட் எண் என்பது தண்டவாளத்தின் உயரம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். கோட் 100 என்றால் 2.54 மி.மீ., கோட் 83 என்றால் 2.11, கோட் 75 என்றால் 1.9, கோட் 70 என்றால் 1.78, கோட் 55 என்றால் 1.4 மி.மீ. ஆக 100-க்கும் 83-க்கும் இடையே 0.43 மி.மீ., 83-க்கும் 70-க்கும் 0.33 மி.மீ., 'என்' (N) எனும் சிறு மாடல் அளவில் 80-க்கும் 55-க்கும் 0.64 மி.மீ. வித்தியாசம். இந்த எண்களை அப்படியே நம்பித் தகடு வெட்டிவிடாதீர்கள். தண்டவாளத்தின் கீழுள்ள கட்டையின் தடிமன் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இரண்டும் கூடியும் வரலாம், ஒன்றையொன்று ஈடுகட்டியும் வரலாம். உங்கள் மேசையில் அளந்த அளவுதான் அளவு.

கீழே உள்ள எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. சக்கரம் தொடுவது தண்டவாளத்தின் உச்சியையும் உள்பக்க விளிம்பையும் மட்டும்தான். இவை இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் அடிப்பாகம் எவ்வளவு தள்ளி நின்றாலும் வண்டிக்குத் தெரியாது. ஜாயினர் (இரு தண்டவாள முனைகளைச் சேர்க்கும் உலோகக் கவ்வி) சரியாக மாட்டியதா என்று பார்ப்பதைவிட இதைப் பார்ப்பதே முக்கியம்.

கைவசம் வேண்டியவை: 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), சிறு டார்ச், மல்டிமீட்டர், நுண்ணிய தட்டை அரம், உங்கள் அளவுக்கான என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) கேஜ், நன்றாக ஓடும் நான்கு அச்சு சரக்கு வண்டி ஒன்று. சோதனை வண்டியின் சக்கரங்களை முதலில் கேஜில் வைத்துப் பாருங்கள். சக்கர இடைவெளி தவறான வண்டியை வைத்துப் பாதையில் குற்றம் தேடினால் ஒரு நாள் முழுக்க வீணாகும்.

## அறிகுறி: இணைப்பைத் தாண்டும்போது "டிக்" சத்தம், வண்டி துள்ளுகிறது

மின்சாரத்தை நிறுத்துங்கள். பெரிய தண்டவாளத்திலிருந்து சிறியதை நோக்கி நகத்தை உச்சியில் ஓட்டுங்கள், பிறகு எதிர்த்திசையில். எந்தத் திசையில் நகம் தட்டுகிறதோ அந்தப் பக்கம் படி நிற்கிறது. இரண்டு திசையிலும் தட்டினால் படி இல்லை, நடுவில் இடைவெளி அகலமாக இருக்கிறது.

அடுத்து ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி, இணைப்பு நடுவில் வரும்படி தண்டவாளத்தின் மேல் வையுங்கள். பின்னாலிருந்து டார்ச் அடித்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் கசிகிறது. சிறிய தண்டவாளம் தாழ்ந்திருக்கிறது. ஃபீலர் கேஜை நுழைத்து அளவு எடுங்கள்.

0.1 மி.மீ. அல்லது அதற்குள் என்றால் அரம் போதும். உயர்ந்த தண்டவாளத்தின் உச்சியை இணைப்பிலிருந்து 25 மி.மீ. தூரத்துக்குச் சாய்வாக ராவுங்கள். பிறகு உள்விளிம்பில் வந்த கூர்முனையையும் லேசாக உடைத்துவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான். உச்சியை ராவியதும் உள்பக்கம் மெல்லிய பிசிறு நிற்கும், சக்கர விளிம்பு அதில் ஏறும். கடைசியில் 600 எண் உப்புத்தாள் கொண்டு தேய்த்து, உலோகத் தூள் எல்லாவற்றையும் துடைத்தெடுங்கள்.

0.1-க்கு மேல் என்றால் ராவாதீர்கள். தாழ்ந்த பாதையை உயர்த்துங்கள். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். 0.4 மி.மீ. உயர்த்த நான்கு தாள் பட்டை வேண்டும்: 16, 12, 8, 4 செ.மீ. நீளத்தில் வெட்டி, இணைப்புப் பக்க முனைகள் ஒன்றாக நிற்கும்படி அடுக்கி ஒட்டி, கட்டைகளுக்கு அடியில் செருகுங்கள். 16 செ.மீ. தூரத்தில் 0.4 மி.மீ. ஏற்றம் என்றால் எந்த வண்டியும் உணராது. ஈரம் படும் இடமானால் தாளுக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு போடுங்கள், தாள் ஊறி உப்பும். வெறும் இணைப்புக்கு அடியில் மட்டும் ஒரு தடித்த அட்டையைத் திணித்து நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. படி போய் அங்கே மேடு வந்துவிடும், "டிக்" போய், வண்டிகளை இணைக்கும் கப்ளர் கழல ஆரம்பிக்கும்.

ஸ்கேல் இணைப்பின் மேல் ஊஞ்சல் போல ஆடுகிறது. மேடு. அடியில் திணித்தது அதிகம், அல்லது ஜாயினரே கட்டைமேல் ஏறி நிற்கிறது. இணைப்பின் இருபுறமும் இரண்டிரண்டு கட்டைகளை எடுத்துவிட்டு மீண்டும் பாருங்கள். மேடு இறங்கினால் குற்றம் ஜாயினருடையது. எடுத்த கட்டைகளின் மேல்முகத்தில் ஜாயினர் உட்காரும் அளவு சீவி, திரும்ப நுழையுங்கள்.

இருமுனையும் தொடுகிறது, நடுவில் வெளிச்சம். பள்ளம். பற்றவைக்காத இணைப்பு வண்டியின் பாரத்தில் அமுங்குகிறது. இணைப்பை விரலால் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் அடியில் ஆதரவு இல்லை. அங்கே கட்டை ஒன்று வைத்து ஒட்டினாலே பாதி நேரம் சரியாகிவிடும்.

### இணைப்பையே புதிதாகச் செய்ய வேண்டியிருந்தால்

எளிய வழி, கடையில் கிடைக்கும் அளவு மாற்று ஜாயினர். இரண்டு அளவுக்கும் தனித்தனி உயரத்தில் வடிவமைத்து வருவது. உங்கள் இரண்டு தண்டவாளத்துக்கும் உரியதா என்று பாருங்கள். 100-க்கும் 83-க்கும் ஆனதை 75-இல் மாட்டினால் தளர்ந்து நிற்கும்.

என் அளவில் ஒரு விலக்கு உண்டு. பெக்கோவின் கோட் 55 தண்டவாளத்துக்கு அடிப்பாகம் இரட்டை, கீழ் அடி கட்டைக்குள் புதைந்திருக்கும். அதனால் அது அதே நிறுவனத்தின் கோட் 80 உடன் வழக்கமான ஜாயினரிலேயே சேர்ந்துவிடும். மற்ற நிறுவனங்களின் கோட் 55-இல் இந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம்.

அளவு மாற்று ஜாயினர் கிடைக்காவிட்டாலும், கிடைத்தது தளர்ந்துபோனாலும், மாற்றுத் துண்டு ஒன்றை மேசையில் செய்துகொள்வதே உறுதியான வழி. ஆளுக்கு 10 செ.மீ. நீளத்தில் இரு அளவுத் தண்டவாளத் துண்டுகளைக் கட்டையிலிருந்து உருவி எடுங்கள். முனைகளை அரத்தால் சதுரமாக்குங்கள். பெரிய அளவு ஜாயினரைப் பெரிய தண்டவாளத்தில் பாதிவரை ஏற்றி, வெளியே நீட்டிய பாதியைக் குறடால் தட்டையாக நசுக்குங்கள்.

இனி, சமமான பீங்கான் டைல் ஒன்றை எடுத்து இரண்டு துண்டுகளையும் அதன்மேல் *தலைகீழாக* வையுங்கள். உச்சி இரண்டும் டைலைத் தொடுவதால் மட்டம் தானாகவே கிடைத்துவிடும். இதற்காகத்தான் இந்த முறையை மற்றவற்றைவிட நம்பலாம். உள்பக்கமாக வரப்போகும் விளிம்பை ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தோடு இரண்டும் ஒட்டி நிற்கும்படி தள்ளுங்கள். பெரிய தண்டவாளத்தின் தலை அகலமானது என்பதால் வெளிப்பக்கம் சின்னப் படி தெரியும். அது அப்படியே இருக்கலாம். வலத் தண்டவாளத்துக்கும் இடத் தண்டவாளத்துக்கும் துண்டு வேறு வேறு. இரண்டையும் ஒரே பக்கமாகச் செய்துவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் நிறையப் பேர், ஆகவே பேனாவால் குறியிட்டுக்கொள்ளுங்கள்.

நசுக்கிய ஜாயினருக்கும் சிறிய தண்டவாளத்தின் அடிக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளியில் பித்தளைத் தகட்டுத் துண்டைச் செருகி, ஃப்ளக்ஸ் தடவி, ரோசின் கலந்த ஈயத்தால் பற்றவையுங்கள். அமிலப் ஃப்ளக்ஸ் வேண்டாம், பின்னாளில் அரிக்கும். உச்சியிலோ உள்பக்கத்திலோ ஈயம் வழிந்திருந்தால் அரத்தால் எடுத்துவிடுங்கள். பிறகு கட்டைகளை இரு முனையிலிருந்தும் திரும்ப ஏற்றுங்கள்.

பாதையிலேயே வைத்துப் பற்றவைப்பதானால் 40 வாட்டுக்குக் குறையாத அயன், இருபுறமும் ஈரப்பஞ்சு, 3 விநாடிக்குள் வேலை. சின்ன அயனை நெடுநேரம் வைத்தால்தான் கட்டை உருகும்.

## அறிகுறி: ஒரு திசையில் மட்டும் தடம் புரள்கிறது, திரும்பி வரும்போது ஒன்றும் ஆவதில்லை

மேலே சொன்ன நகச் சோதனையில் உச்சி சமம் என்று தெரிந்தபின் இங்கே வாருங்கள்.

இப்போது நகத்தை உச்சியில் அல்லாமல் உள்பக்க விளிம்பில் ஓட்டுங்கள். தட்டுகிறதா? சிறிய தண்டவாளத்தின் தலை குறுகலானது. ஜாயினர் இரண்டையும் நடுக்கோட்டில் சேர்த்துப் பிடிப்பதால் உள்விளிம்பு இருபுறமும் சற்றே தள்ளிப்போகிறது. சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகும் சக்கரம் அந்த முனையில் மோதி ஏறும், எதிர்த்திசையில் மோத எதுவும் இல்லை. ஒரு திசையில் மட்டும் புரள்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஜாயினர் இன்னும் பற்றவைக்கப்படவில்லை என்றால் சிறிய தண்டவாளத்தை உள்பக்கம் நெருக்கித் தள்ளி, ஸ்கேல் ஓரத்தோடு பார்த்துப் பற்றவையுங்கள். பற்றவைத்தாகிவிட்டது என்றால் பெரிய தண்டவாளத்தின் உள்முனையை 10 மி.மீ. தூரத்துக்குச் சாய்வாக ராவினால் போதும். ராவியபின் அந்த இடத்தில் கேஜை வையுங்கள். பாதை அகலம் எல்லையைத் தாண்டிவிட்டால் நிறுத்திவிட்டு மாற்றுத் துண்டு செய்யும் வழிக்குப் போங்கள்.

உள்விளிம்பு தட்டவில்லை, இருந்தும் புரள்கிறது என்றால் இணைப்பு வளைவில் இருக்கிறதா என்று பாருங்கள். வளைவில் இரு அளவைச் சேர்த்தால் ஜாயினர் இருக்கும் இடத்தில் தண்டவாளம் முறிந்த கோடாக நிற்கும். சிறியது வேகமாக வளையும், பெரியது நேராகவே நிற்கப் பார்க்கும். நேராகப் பற்றவைத்துவிட்டு வளைத்தால் சற்றுத் தேறும். ஆனால் எங்கள் முடிவு வேறு: இணைப்பை நேர்ப்பாதைக்கு நகர்த்துங்கள். வளைவில் இரு அளவு இணைப்பைப் பேணுவது ஓயாத வேலை.

இன்னொன்று, இடது வலது தண்டவாளங்களின் உயரம். ஸ்கேலைக் குறுக்கே வைத்து இணைப்பின் இருபுறமும் 5 செ.மீ. இடைவெளியில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கியிருந்தால் பாதை முறுக்கியிருக்கிறது. நீண்ட போகி (சக்கரங்கள் பொருத்திய சுழல் சட்டம்) வண்டியின் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்று ஏறிவிடும். தாள் பட்டையை ஒரு பக்கம் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள்.

## அறிகுறி: சிறிய தண்டவாளத்தில் ஏறியதும் "தடதட" என்று தொடர் அதிர்வு

இணைப்பில் ஒன்றும் இல்லை. தாண்டியபின் கட்டைக்குக் கட்டை சீராக அதிர்கிறது. சக்கர விளிம்பு, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆணித்தலைகளில் இடிக்கிறது.

உறுதிசெய்ய, சோதனை வண்டியின் சக்கர விளிம்பு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசுங்கள். 1 மீட்டர் தள்ளுங்கள். விளிம்பின் நுனியில் கறுப்பு அழிந்திருந்தால் சந்தேகமே இல்லை.

எச்ஓ (HO) மாடல் அளவில் என்எம்ஆர்ஏ-வின் ஆர்பி-25 வடிவச் சக்கரத்துக்கு விளிம்பு ஆழம் சுமார் 0.64 மி.மீ. அது கோட் 70-இல் சிரமமில்லாமல் ஓடும். பழைய பொம்மை ரயில் சக்கரங்களின் விளிம்பு 1 மி.மீ.-க்கு மேல் போகும், அவைதான் இடிக்கும். என் அளவிலும் ஆழ்விளிம்புச் சக்கரம் போட்ட பழைய வண்டிகள் அட்லஸ் கோட் 55 பாதையின் ஆணித்தலைகளில் இடிப்பது அறிந்ததே.

ஓரிரு வண்டிகள் மட்டும் இடித்தால் சக்கர அச்சுகளை மாற்றுங்கள். வண்டிக்கு நான்கு அச்சு, வேலை ஐந்து நிமிடம். நிறைய வண்டி, குறைந்த பாதை என்றால் உள்பக்க ஆணித்தலைகளை மட்டும் அரத்தால் பாதி உயரத்துக்குத் தேய்க்கலாம். முழுக்கத் தேய்த்தால் தண்டவாளம் கழன்றுவிடும். நெடுந்தூரப் பாதை, மாற்ற முடியாத எஞ்சின்கள் என்றால் அந்தப் பகுதியைப் பெரிய அளவுக்கே மாற்றிவிடுவதுதான் நேர்மையான தீர்வு.

எஞ்சின் சக்கரத்தின் விளிம்பைக் குறைப்பது வீட்டில் செய்யும் வேலை அல்ல. அதற்கு லேத் வேண்டும், சக்கரம் சுழலும்போது மையம் பிசகக்கூடாது. எஞ்சின் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: இணைப்பில் கப்ளர் தானாகக் கழல்கிறது

மேடு அல்லது பள்ளம். முதல் அறிகுறியின் ஸ்கேல் சோதனைக்குத் திரும்புங்கள். பாதை சமம் என்று உறுதியானால் கப்ளர் உயரத்தைக் கேஜில் பாருங்கள். எச்ஓ-வில் கேடீ வகைக் கப்ளரின் நடுப்பகுதி தண்டவாள உச்சியிலிருந்து 9.9 மி.மீ. இருக்க வேண்டும். கப்ளரின் அடியில் தொங்கும் கம்பி உச்சியிலிருந்து 0.8 மி.மீ. மேலே நிற்க வேண்டும். அது தாழ்ந்திருந்தால் படியிலும், பாதை பிரியும் பாயின்ட்டிலும் கொக்கி போலச் சிக்கும். நுனியைக் குறடால் மேல்நோக்கி வளைத்துவிடுங்கள்.

## அறிகுறி: இணைப்பைத் தாண்டியதும் எஞ்சின் மெதுவாகிறது, விளக்கு மங்குகிறது, நிற்கிறது

எளிய காரணம் முதல் பெரிய காரணம் வரை வரிசையாகப் பாருங்கள்.

உச்சியைத் துடையுங்கள். அரத் தூளும் ஃப்ளக்ஸும் படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணி போதும்.

அப்புறமும் மங்கினால் ஜாயினரைச் சோதியுங்கள். பாதையின் கடைசி முனையில் 12 வோல்ட் 10 வாட் விளக்கு ஒன்றை இரு தண்டவாளத்துக்கும் குறுக்கே இணைத்து மின்சாரம் விடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு கம்பியை இணைப்புக்கு இந்தப் பக்கமும் மற்றதை *அதே தண்டவாளத்தில்* அந்தப் பக்கமும் வையுங்கள். டிசி பாதையில் டிசி வோல்ட், டிசிசி (டிஜிட்டல் கட்டுப்பாட்டு) பாதையில் ஏசி வோல்ட். 0.05-க்குள் காட்டினால் ஜாயினரில் குறை இல்லை. 0.2-க்கு மேல் என்றால் நசுக்கிய ஜாயினர் வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கிறது. விளக்கு இல்லாமல் வெறும் மீட்டரில் பார்த்தால் எல்லாம் நன்றாகவே தெரியும், ஏனென்றால் மின்னோட்டம் இல்லாத இடத்தில் வோல்ட் இறங்காது. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மருந்து: பற்றவைப்பு, அல்லது இணைப்பைத் தாண்டிய பகுதிக்குத் தனி மின்கம்பி. இரண்டாவதே மேல். அளவு மாற்று ஜாயினரை மின்சாரத்துக்கு நம்பாமல் இரு பக்கமும் தனித்தனியே கம்பி கொடுத்துவிட்டால் இந்த அறிகுறியே திரும்ப வராது. சிறிய தண்டவாளத்தின் உலோகம் குறைவு, மின்தடை கூடுதல். அதனால் அங்கே 1 மீட்டருக்கு ஒரு ஜோடி என்று கொடுங்கள். பாதைக்கு ஏறும் கம்பி 0.3 முதல் 0.5 சதுர மி.மீ., நீளம் 30 செ.மீ.-க்குள். அடியில் ஓடும் பிரதானக் கம்பி 2 சதுர மி.மீ. அளவில்.

டிசிசி தளம் என்றால் இன்னொரு சோதனை கட்டாயம். சிறிய தண்டவாளத்தின் தொலைமுனையில் ஒரு நாணயத்தைக் குறுக்கே வையுங்கள். பாதைக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் உடனே அதைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் உடனே நாணயத்தை எடுத்துவிட்டுக் கம்பிகளைக் கூட்டுங்கள். கம்பி சரியாக இருந்தும் துண்டிக்கவில்லை என்றால் அந்தத் தளத்தை ஓட்டாதீர்கள். பூஸ்டரைக் கருவி பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். தடம் புரண்ட வண்டி வழியாக முழு மின்னோட்டமும் பாய்ந்தால் போகி உருகும்.

## அறிகுறி: புதிய இணைப்புப் போட்டபின் ஷார்ட்

எல்லா வண்டிகளையும் எடுத்துவிட்டு, மின்சாரத்தையும் கழற்றிவிட்டு இரு தண்டவாளங்களுக்கு இடையே ஓம் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் பாதையில்தான் ஷார்ட்.

பாயின்ட்டை மாற்றிப் போட்டுத் திரும்ப அளங்கள். ஒரு நிலையில் ஷார்ட், மறு நிலையில் இல்லை என்றால், உலோக ஃப்ராக் (பாயின்ட்டில் தண்டவாளங்கள் குறுக்கே வெட்டும் இடம்) கொண்ட பாயின்ட்டின் பின்னால் காப்பு ஜாயினர் இருக்க வேண்டிய இடத்தில் உலோக மாற்று ஜாயினர் போட்டுவிட்டீர்கள். அளவு மாறும் இடத்துக்கு ஏற்ற காப்பு ஜாயினர் கிடைப்பது அரிது. அதனால் மாற்றுத் துண்டை முதலில் பற்றவைத்துப் பொருத்தி, அதிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரே அளவுத் தண்டவாளத்தில் ரம்பத்தால் வெட்டு போடுங்கள். வெட்டில் 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டை ஒட்டித் தண்டவாள வடிவத்துக்கு ராவுங்கள்.

இரண்டு நிலையிலும் ஷார்ட் என்றால் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எந்தப் பகுதி என்று கண்டுபிடிப்பதைத் தவிர வேறு குறுக்கு வழி இல்லை. புதிதாகச் சேர்த்த கம்பியில் தொடங்குங்கள், இடது வலது மாறியிருக்கும்.

## அறிகுறி: பாயின்ட்டில் மட்டும் தகராறு

பாதை ஓர் அளவு, பாயின்ட் வேறு அளவு. சேர்த்த பிறகு பக்கவாட்டில் நகரும் நாக்குத் தண்டவாளத்திலோ ஃப்ராக்கிலோ வண்டி ஏறுகிறது.

ஸ்கேலைப் பாயின்ட்டின் முழு நீளத்துக்கும் வையுங்கள். பாயின்ட் வளைந்திருந்தால் உயர வித்தியாசத்தைச் சமாளிக்க அதன் ஒரு முனையை மட்டும் தூக்கியிருக்கிறீர்கள். பாயின்ட் எப்போதும் தட்டையாகப் படுக்க வேண்டும். முழுவதற்கும் அடியில் ஒரே தடிமன் தகடு போட்டு உயர்த்துங்கள், சரிவைப் பாயின்ட்டுக்கு வெளியே வையுங்கள். நாக்குப் பக்கத்தில் அளவு மாற்றம் வேண்டவே வேண்டாம். மாற்றத்துக்கும் நாக்கு நுனிக்கும் நடுவே உங்கள் மிக நீளமான வண்டியின் நீளமாவது நேர்ப்பாதை இருக்கட்டும். வேறு இடமே இல்லை என்றால் ஃப்ராக் பக்கம்தான் தாங்கும்.

பாயின்ட் தட்டையாக இருந்தும் ஃப்ராக்கில் துள்ளினால் கேஜால் சக்கர விளிம்பு போகும் வழியின் அகலத்தையும் ஆழத்தையும் பாருங்கள். பிளாஸ்டிக் ஃப்ராக்கின் அடி மேடாக இருந்தால் ஹாக்ஸா பிளேடு துண்டால் சுரண்டலாம். காவல் தண்டவாளம் தள்ளி நின்றால் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒட்டி நெருக்கலாம். உலோக ஃப்ராக்கின் கோணமே பிசகியிருந்தால் அரத்தைத் தொடாதீர்கள். ராவ ராவ இடைவெளி அகலும், சக்கரம் இன்னும் ஆழமாக விழும். அதைக் கையால் பாயின்ட் கட்டத் தெரிந்தவர் பார்க்கட்டும், அல்லது பாதையின் அளவிலேயே புது பாயின்ட் வாங்கிப் போடுங்கள்.

## அறிகுறி: சில மாதம் நன்றாக ஓடியது, பருவம் மாறியதும் கெட்டது

இணைப்பில் இடைவெளி அகன்றிருக்கும், அல்லது பாதை பக்கவாட்டில் புடைத்திருக்கும். நிக்கல் சில்வர் தண்டவாளம் 2 மீட்டருக்கு, 20 டிகிரி மாற்றத்தில், சுமார் 0.65 மி.மீ. நீளும். மரச்சட்டம் ஈரத்தில் அதைவிட அதிகமாக அசையும். எல்லா இணைப்பையும் பற்றவைத்துவிட்டால் அந்த அசைவு எங்கே போகும்? தளத்திலேயே பலவீனமான இடமான அளவு மாறும் இணைப்பைப் பிடித்து இழுக்கும்.

அளவு மாறும் இணைப்பைப் பற்றவைத்தே வையுங்கள். அதிலிருந்து இருபுறமும் 30 செ.மீ. தள்ளி, ஒரே அளவுத் தண்டவாளம் சேரும் அடுத்த இணைப்பைப் பற்றவைக்காமல் 0.5 மி.மீ. இடைவெளியோடு விடுங்கள். இரு பக்கமும் மின்கம்பி கொடுத்திருப்பதால் மின்சாரத்துக்குக் குறை வராது. இடைவெளி விடும் வேலையைக் குளிர்ந்த நாளில் செய்தால் கொஞ்சம் அகலமாகவும், வெயில் நாளில் செய்தால் கொஞ்சம் நெருக்கமாகவும் விடுங்கள்.